பெயர் எழுதிய பெட்டி

காசநோய் மருந்துக் கிடங்கின் பொறுப்பாளரான அவள் அப்பாவுக்கு அங்கே பட்டப்பெயர் ‘பூட்டு’. கதவைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். நாலடி நடந்ததும் சந்தேகம் வந்து திரும்புவார். மருந்து வந்தது ஒரு வெளிநாட்டு அரசின் நிதியில். ஒவ்வொரு நோயாளிக்கும் ஆறு மாத மருந்தை முதல் நாளே தனிப் பெட்டியில் வைத்துப் பெயர் எழுதிவிடுவார். நடுவில் யாரிடமும் கைவிரிக்கக் கூடாது என்று பிடிவாதம்.

ஒரு திங்கட்கிழமை அந்த அரசு நிதியை நிறுத்தியது. மறு உத்தரவு வரும்வரை ஒரு மாத்திரைகூட வெளியே போகக் கூடாது என்று கடிதம். அன்றைக்கென்று நோயாளிகளில் ஒருத்தியான தையல்காரி மூன்றாம் மாத மருந்துக்கு வந்து நின்றாள்.

“பூட்டு சார், அதோ என் பெட்டி. பேரைக்கூடக் கோணலா எழுதியிருக்கீங்க.”

“பேர் உன்னோடதும்மா. சரக்கு அவங்களோடது.”

“அவங்களுக்கா இருமுது?”

அப்பா உள்ளே போய் மகளுக்குப் போன் போட்டார். அவளுக்குப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. எந்தக் கிருமி எந்த மருந்துக்கு மசியாது என்று பார்த்துச் சொல்பவள்.

“கொடுத்துரட்டுமா பாப்பா? லெட்டரை நாளைக்குத்தான் பார்த்தேன்னு வச்சுக்கலாம்.”

அவள் கையில் சளிப் பரிசோதனைக் குழாய். “லெட்டர்ல என்ன இருக்கோ அதைச் செய்யுங்கப்பா.” பத்து நொடிகூட ஆகவில்லை.

இருபத்துமூன்று நாள் கழித்துத் தடை தளர்ந்தது. அப்பாவே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தையல்காரி வீட்டுக்குப் போனார். அவள் மறுபடி காய்ச்சலில் கிடந்தாள். அவளுடைய சளி சோதனைக்காக மகளின் மேசைக்கு வந்தது. முக்கியமான இரண்டு மருந்துக்கும் கிருமி மசியவில்லை. பெட்டி இனி வீண். இடைவெளிதான் காரணமா, முன்பே அப்படித்தானா, அந்தச் சோதனை சொல்லாது. இதை அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். முடிவை மட்டும் படித்துக்காட்டினாள்.

தையல்காரி ஒன்றரை வருடம் வேறு மருந்து சாப்பிட்டுப் பிழைத்தாள். ஒரு நுரையீரல் சுருங்கிவிட்டது. மிஷின் மிதித்தால் மூச்சு வாங்கியது. தொழிலை விட்டாள்.

போன மாதம் அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க வந்த தையல்காரி, மாடிப்படி ஏறிய களைப்பு அடங்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் பேசினாள்.

“பார்க்கிறப்பல்லாம் மன்னிப்புக் கேப்பார். நான்தான் கொடுக்கல, வேற யார் மேலயும் தப்பில்லன்னு. எனக்கே சலிச்சுப்போச்சு. போதும் விடுங்க சார்னு திட்டுவேன்.”

மகள் தண்ணீர் டம்ளரை அவள் கையில் கொடுத்தாள்.

“அன்னைக்கு அப்பா என்கிட்டக் கேட்டார், அக்கா. கொடுக்க வேணாம்னு சொன்னது நான்தான்.”

தையல்காரி குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தாள்.

“அவர் இருக்கறப்ப சொல்லியிருக்கலாமேம்மா.”