ஆறு சென்டிமீட்டர்

2006 ஜூன் 12, திங்கட்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து பாலைக் காய்ச்சினேன். இரண்டு பென்சில்களைச் சீவி, கவராயத்தின் திருகை இறுக்கி, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத்தாளை விரித்து வைத்தேன். மகள் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வட்ட நாற்கரம் ஒன்று வரைந்தாள். ஜனவரியிலிருந்து எங்கள் வீட்டுக் காலை இப்படித்தான் தொடங்கியது.

நான் அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். என் ஒரே மகளுக்குக் கணக்கு வராது. சோம்பல் இல்லை. எண்கள் அவள் மனதில் தங்குவதில்லை, அவ்வளவுதான். கற்றல் குறைபாடு என்று சின்ன வயதிலேயே மருத்துவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மற்ற பாடங்களில் தட்டுத்தடுமாறி ஒன்பதாம் வகுப்பைத் தாண்டிவிட்டாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவளைப் போன்றவர்கள் ஒரு மொழிப்பாடத்தை விடலாம். கூடுதல் நேரமும் உண்டு. கணக்கை மட்டும் விட முடியாது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம். வடிவியலுக்குப் பத்து மதிப்பெண், வரைபடத்துக்குப் பத்து. பின்தங்கிய பிள்ளைகளை அந்த இரண்டை மட்டும் திரும்பத் திரும்பப் போடவைப்போம். முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி; மிச்சம் பதினைந்தை அங்கங்கே பொறுக்கித் தேற்றிவிடலாம். அப்படிக் கரையேறியவர்கள் பலர். மகளுக்கோ சுத்தமான கை. அவள் வரைந்த வட்டத்தில் கோடு சேரும் இடம் தெரியாது.

அன்று பத்து மணிக்கு அவள் பள்ளியில் முடிவு சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பில் தொடர்வதா, கணக்கே இல்லாமல் எழுதக்கூடிய திறந்தநிலைப் பள்ளிக்கு மாறுவதா? அங்கே கணக்குக்குப் பதில் ஓவியம் எடுக்கலாம். ஆனால் வகுப்பு சனி, ஞாயிறு மட்டும். மாறினால், ஒன்றாம் வகுப்பிலிருந்து உடன் உட்கார்ந்த தோழியை விட்டுப் பிரிந்து மகள் வீட்டோடு இருக்க வேண்டும்.

தலைமையாசிரியையான சிஸ்டர் அறையில், சிறப்புக் கல்வி ஆசிரியை ஒரு தாளில் கணக்கை எழுதி மகளிடம் நீட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். காலையில் போட்ட அதே வட்ட நாற்கரம். முதல் பக்கம் மட்டும் ஆறுக்குப் பதில் ஐந்தரை.

மகள் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு வரைந்தாள். ஒரு முறைகூட அழிக்கவில்லை. சிஸ்டரே குனிந்து பார்த்து, "எவ்ளோ அழகா போடுது பாரேன்" என்றார்.

"சார், நீங்களே அளந்து பாருங்க" என்றார் ஆசிரியை.

அளக்கத் தேவையிருக்கவில்லை. இருந்தாலும் ஸ்கேலை வைத்தேன். ஆறு சென்டிமீட்டர். பக்கத்தில் 6 என்று குறித்தும் இருந்தாள்.

"சரியா இருக்காப்பா?"

"சுத்தமா இருக்கும்மா."

"அப்பன்னா பாஸா?"

ஆசிரியை என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அளவு மாறிட்டா புள்ள என்னா சார் பண்ணும்? வருஷா வருஷம் எழுத வச்சிக்கினே இருப்பீங்களா?" என்றார். அந்தச் சான்றிதழோடு பாலிடெக்னிக்கில் சேர முடியுமா, வேலை கிடைக்குமா என்று அவரிடம் கேட்க நினைத்திருந்த எதையும் கேட்கவில்லை. மாறுவதற்குச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கருவடிக்குப்பத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஸ்கூட்டரில் திரும்பும்போது பின்னாலிருந்து கேட்டாள்.

"இனிமே எனக்குக் கணக்கு கெடையாதா?"

"கெடையாது."

"ஐ. உனுக்கும் ஒரு வேல கொறஞ்சிச்சு." சிரித்தாள். சிறிது தூரம் போனபின், "நாளைக்கு யூனிஃபார்ம்தான?"

"இல்லம்மா. சனிக்கிழமதான் கிளாஸு. வேற ஸ்கூலு."

"நாளைக்கு அவளுக்கு எலுமிச்ச சாதம் எடுத்தாறேன்னு சொல்லிட்டனேப்பா."

அதன்பிறகு வீடுவரை என் முதுகில் நெற்றியை வைத்திருந்தாள்.

இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, வீட்டில் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தாள்.

மறுநாள் காலை மேசையில் தாள் விரிக்கவில்லை. பள்ளி ஆட்டோ வாசலில் வந்து ஹாரன் அடித்தால் மகள் எழுந்துவிடுவாள் என்று, முதல் வேலையாகத் தெருமுனைக்குப் போய் நின்றேன். ஆட்டோ வந்ததும் கை காட்டி நிறுத்தி, சூடு ஆறாத டிபன் பாக்ஸைக் கொடுத்து, யாரிடம் சேர்க்க வேண்டும் என்று சொன்னேன்.

"பாப்பா வரலியா சார்? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றேன். "இனிமே இந்தப் பக்கம் திரும்ப வேணாம். நேரா போயிடுங்க."