சலவைக்கூடத்து மீட்டர்

குடிநீர் மீட்டர் பார்க்கும் அக்கா எந்த வீட்டு நாய்க்கும் அஞ்சியதில்லை, சலவைக்கூடத்து நாயைத் தவிர. நாயா அது, எமன்! ஒருமுறை காலைக் கவ்வியதிலிருந்து, தெருமுனையிலேயே நின்று குத்துமதிப்பாக ஏதோ ஒரு சின்ன எண்ணை எழுதிவிடுவாள்.

இப்போது புதுத் திட்டம். அனுப்பிய தண்ணீரையும் மீட்டர் காட்டிய தண்ணீரையும் கம்ப்யூட்டரே ஒப்பிடுகிறது. இந்தத் தெருவில் பாதித் தண்ணீரைக் காணோமாம். கசிவைத் தேடி மூன்று நாளாகத் தோண்டுகிறார்கள்.

பள்ளத்தின் ஓரத்தில் நின்ற அவளிடம், “உங்க ரீடிங்கை நம்பித்தான்க்கா தோண்டுறோம்” என்றார் என்ஜினியர். அவள் ரீடிங் நோட்டை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

சத்தம் கேட்டுச் சலவைக்கூடத்து அம்மா வெளியே வந்தாள்.

“அடடே, மீட்டர்காரம்மாவா! உங்களைப் பாத்து எத்தனை வருஷமாச்சு! பயப்படாம உள்ள வாங்க. அந்த நாய் செத்தே நாலு வருஷமாச்சு.”