பிடியரிசியும் என் பெரிய கையும்

எனக்கு வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பதவி கிடைத்ததும், அது பறிபோனதும் ஒரே மழைக்காலத்தில் நடந்தன. சாதாரணப் பதவி இல்லை. கர்த்தருடைய பங்கை அள்ளிப் போடுகிற பதவி. அப்போது எனக்கு ஏழு வயது.

ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் குடியிருந்தோம். அம்மா கொழுந்து எடுத்தாள், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். எங்கள் அடுப்புக்கு மேலே, புகை படிந்த பலகையில் ஒரு மண்கலயம் இருந்தது. சோறு ஆக்க அரிசியைச் சுண்டால் அளந்து முறத்தில் கொட்டியதும், அம்மா அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு அந்தக் கலயத்தில் போடுவாள். அதற்குப் பிறகுதான் உலை. எங்கள் சபையில் எல்லா வீட்டிலும் இந்தப் பிடியரிசி வழக்கம் உண்டு. மாதக் கடைசி ஞாயிறன்று எல்லோருடைய அரிசியும் கோயிலில் ஒரு பாயில் ஒன்றாகக் கொட்டப்பட்டு, வேலை நின்றுபோன வயசாளிகளுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் போகும். இவ்வளவு போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. ஒரு பிடி போட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வருடம் தேயிலை விலை விழுந்துவிட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். விழுந்ததை நான் பார்க்கவில்லை. விடியற்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போன அப்பா, வேலை இல்லை என்று உடனே திரும்பி வந்ததைத்தான் பார்த்தேன். பகலெல்லாம் அப்பா வீட்டில் இருந்தது எனக்குக் கொண்டாட்டம். அடுத்து யார் பேரை வெட்டப் போகிறார்களோ, யார் இந்தியாவுக்குத் திரும்பக் கப்பலேறப் போகிறார்களோ என்று லயமே கவலைப்பட்டபோது, நான் அப்பாவின் முதுகில் ஏறிச் சவாரி செய்துகொண்டிருந்தேன். வேலை குறைந்தால் தோட்டத்தில் தரும் அரிசியும் குறையும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

ஒருநாள் அப்பா மெதுவாகச் சொன்னார்: "இந்தா புள்ள, கொஞ்ச நாளைக்கு அந்தப் பிடிய நிப்பாட்டி வையேன். கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரு."

"அவரு கோவிச்சுக்க மாட்டாருங்க. எனக்குத்தான் தூக்கம் வராது," என்றாள் அம்மா. "அந்தக் கலயத்துல அரிசி விழுற வரைக்கும் நாம குடுக்கிற வீடுன்னு ஒரு தெம்பு இருக்கு. அதையும் விட்டுட்டு எதப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது?"

அம்மா முறத்தைப் பார்த்தாள். பிறகு கொழுந்துக் கறை ஏறிய தன் அகலமான உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, என் கையை மடக்கியும் விரித்தும் பார்த்தாள்.

"இனிமே நீ போடு தாயி. கர்த்தருக்குப் பிள்ளைங்க கைன்னா ரொம்ப இஷ்டம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. லயம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலமானால் மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போய் முழங்கை வரை தேய்த்துக் கழுவினேன். கொடுத்த வேலையைச் சிறப்பாகச் செய்ய வேண்டும் என்று, பீலிக்கரை மணலை அள்ளி அள்ளிப் பழகவும் செய்தேன். விரல்களை எவ்வளவு அகட்டினால் எவ்வளவு ஏறும், கட்டைவிரலால் எப்படி அழுத்தினால் சிந்தாது என்பதெல்லாம் சீக்கிரமே கைவந்துவிட்டது. கொஞ்ச நாளில் என் பிடி கோபுரமாகக் குவிந்து நின்றது.

"போதும் தாயி, பதமா அள்ளு," என்றாள் அம்மா. என் பக்தியைச் சோதிக்கிறாள் என்று நினைத்து இன்னும் அழுத்தி அள்ளினேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்தேன்.

அதற்கு மறுநாள் அம்மா தம்பியைத் தூக்கி முறத்தின் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவனுக்கு அப்போதுதான் பேச்சே திருந்தியிருந்தது. அவன் அள்ளியதில் பாதி விரலிடுக்கில் வழிந்து முறத்திலேயே விழுந்தது. மிச்சம் கலயத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா திருப்தியாக ஆமென் என்றாள்.

நான் அழுது புரண்டேன். "ஒன் கை பெருசாப் போச்சு தாயி," என்றாள் அம்மா. கை வளர்வது ஒரு குற்றமா என்று அடுப்புப் பக்கமே உட்கார்ந்து பொருமினேன்.

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. எல்லா வீட்டுப் பையும் வந்திருந்தது, ஆனால் பாயில் குவியல் சிறிதாக இருந்தது. எங்கள் சபையை நடத்தும் உபதேசியார் அதைக் கையால் ஒதுக்கிக் குவித்தார். தன்னிடம் இருந்த அப்பத்தையும் மீனையும் இயேசுவிடம் கொடுத்த பையனைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைங்களா, உங்கள்ல யாரு கர்த்தருக்குக் குடுத்திருக்கீங்க?"

"எங்க வீட்ல நாந்தான் ஐயா பிடியரிசி போடுறேன்," என்றது ஒரு வாண்டு. "நானும்," என்றது இன்னொன்று. மளமளவென்று கைகள் உயர்ந்தன. எல்லாம் பொடிசுகள். அம்மா மடியிலிருந்து தம்பியும் கையைத் தூக்கினான்.

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றேன்.

"மொதல்ல நாந்தான் ஐயா போட்டேன். ஒன் கை பெருசாப் போச்சுன்னு சொல்லி அம்மா தம்பிகிட்ட குடுத்துட்டாங்க."

தகரக் கூரையில் மழை சடசடத்தது. ஜெபத்துக்கு அழைத்ததுபோல் பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தலை குனிந்தார்கள். உபதேசியார் குவியலைப் பார்த்தார், தூக்கியிருந்த குட்டிக் கைகளைப் பார்த்தார். கடைசியில் அவர் கண் முன்வரிசைக்கு வந்தது. அங்கே அவருடைய மனைவியின் மடியில் இருந்த அவர்களுடைய கடைக்குட்டியும் கையைத் தூக்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாள் கூரையில் ஒழுக்கு தேடுவதுபோல் மேலே பார்த்தார்.

முதலில் சிரித்தது உபதேசியார்தான். பிறகு ஆண்கள் சிரித்தார்கள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சின்னக் கையாவே இருக்கட்டும்," என்றார் உபதேசியார். "ஒரு வீட்டுக் கையும் மடங்கலையே, அது போதும். வேலை சரியாகட்டும், அப்புறம் பெரிய கைங்க வரட்டும்." பிறகு ஜெபம் செய்தார். நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூக்கைச் சிந்தினார். மலைக்குளிர் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

வீட்டுக்குப் போனதும் அடி நிச்சயம் என்று நினைத்தேன். ஆனால் தேயிலைக்கு நடுவே நடக்கும்போது அம்மா என் கையைப் பிடித்து, விரித்துப் பார்த்து, தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சிரித்தாள், கண்ணையும் துடைத்தாள். ஏன் எல்லோரும் சிரித்தார்கள் என்று அப்பாவைக் கேட்டேன். "நீ வளந்துட்ட, அதான்," என்றார்.

அன்று படுக்கப் போகுமுன் நான் தனியாக முழங்கால் போட்டேன். என் கையைத் திரும்பவும் சின்னதாக்கிவிட வேண்டும் என்று கர்த்தரிடம் உருகிக் கேட்டேன். அரிசி கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் கலயத்தில் அரிசி விழுகிற வீட்டில் அரிசிக்கு என்ன குறை என்று நினைத்திருந்தேன்.