ஜீப் போகாத ஓடை

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

போன வாரம் இந்த முகநூல் குழுவில் ஒருவர் பழைய போட்டோ ஒன்றைப் போட்டிருந்தார். வருசநாட்டுப் பக்கம், தார்ச்சாலை ஓரத்தில் ஒரு தடுப்பணை. நிறையத் தண்ணீர். முன்னால் மாலையோடு அதிகாரிகள். "அந்தக் காலத்து நேர்மையான வேலை" என்று மேலே ஒரு வரி. கீழே வரிசையாகக் கைதட்டல்கள்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

அன்றைய சுண்ணாம்பு வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது... ஆய்வுக்குழு வருகிறது என்றால் சாலையோரக் கற்களுக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள். ஈரச் சுண்ணாம்பும் ஜீப்பின் டீசல் புகையும் கலந்த வாசனை. எனக்கு அரசாங்கத்தின் வாசனையே அதுதான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. வேளாண் பொறியியல் படித்துவிட்டு, மழைநீர் சேமிப்புத் திட்டம் ஒன்றில் ஒப்பந்த சூப்பர்வைசர். எங்கே அணை கட்டினால் கிணறுகள் ஊறும் என்று ஓடை ஓடையாக நடந்து பார்ப்பது வேலை. நடந்தேன்; நான்கு ஓடைகளில் இடம் பார்த்தேன். முதலில் மேட்டுப் பக்கம், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓடை குறுகும் இடத்தைக் குறித்துக் கொடுத்தேன். அதற்குக் கீழே, டிராக்டர் மட்டும் போகும் தடத்தில்தான் பேச்சியக்காவின் கிணறும், ஒன்றரை ஏக்கர் கத்தரியும். (பேச்சியக்கா என்பது நான் வைத்த பெயர்.)

எங்கள் இன்ஜினியர் வரைபடத்தைப் பார்த்தார். ஒரே கேள்விதான்.

"அங்கன ஜீப் போகுமா?"

"போகாது சார். ஒரு மணி நேரம் நடக்கணும்."

"அப்ப எவன்யா வந்து பாப்பான்? ரோட்டோரமா போடு."

போட்டார்கள். அங்கே ஓடையே கிடையாது. மழை பெய்தால் சாலையில் வழியும் தண்ணீர் மட்டும்தான்.

ஆய்வுக்கு முதல் நாள் அணை காய்ந்து கிடந்தது. ஊராட்சித் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பேச்சியக்கா கிணற்றில் மோட்டாரைப் போட்டு, டிராக்டர் டேங்கரில் ஏற்றி வந்து, நடை நடையாக ஊற்றினார்கள். கிணற்றை நிரப்பக் கட்டிய அணையை, கிணற்றை வற்றவைத்து நிரப்பினார்கள்.

அதிகாரிகள் வந்தார்கள். போட்டோவுக்கு மட்டும் ஜீப்பை விட்டு இறங்கினார்கள். கூடியிருந்த ஊர்க்காரர்களில் பேச்சியக்காவும் நின்றிருந்தார். நான் முன்னால் போய்ச் சொன்னேன்.

"சார், இது மழைத்தண்ணி இல்ல. இந்த அக்கா கிணத்துத் தண்ணி."

அவர்களில் பெரிய அதிகாரி பேச்சியக்காவைப் பார்த்து, "அப்படியாம்மா?" என்றார்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்படி ஒண்ணுமில்லய்யா. மழைத் தண்ணிதேன். தம்பி வெயில்ல அலைஞ்சுட்டு என்னமோ பேசுது."

எல்லோரும் சிரித்தார்கள். "ஏலே, தம்பிக்கு மோரு குடுங்கலே!" என்றார் தலைவர். இன்னும் சிரித்தார்கள்.

அடுத்த மாதம் என் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. தேனியில் ஒரு தனியார் கல்லூரியில் வாத்தியார் ஆனேன். இன்ஜினியரை மன்னிக்கவில்லை. தலைவரை மன்னிக்கவில்லை. ஆனால் உள்ளுக்குள் அதிகம் வெறுத்தது பேச்சியக்காவைத்தான். அந்தப் பக்கம் பஸ் ஏறியதே இல்லை.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஏறவேண்டியதாயிற்று. பந்தியில் பக்கத்து இலையில் பேச்சியக்கா வந்து உட்கார்ந்தார்.

"தம்பி நீங்கதானே? தலையெல்லாம் நரைச்சிருச்சு. மூஞ்சில கோவம் மட்டும் அப்படியே இருக்கு."

நான் இலையில் தண்ணீர் தெளித்தேன். அவரே பேசினார்.

"அடுத்த வருசம் மேல கட்டித் தாரேன்னு தலைவர் சத்தியம் பண்ணாக. வாயத் தொறந்தா அதுவும் போயிரும்னாக. என் கெணறு ஊறணும்ல தம்பி... அதேன் பொய் சொன்னேன். அவுக கட்டவே இல்ல. கத்தரி பூராம் கருகிப்போச்சு. ஒவ்வொரு செடியப் புடுங்கும்போதும் ஒங்களத்தான் நெனச்சேன்."

சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது.

இப்போது ஊராட்சியின் கண்காணிப்புக் குழுவில் அவர் ஓர் உறுப்பினராம். கூட்டத்தில் சண்டை போட்டு ஒரு விதி கொண்டுவந்திருக்கிறார்: வண்டியில் இருந்தபடி பார்த்த வேலைக்குக் குழு கையெழுத்துப் போடாது. "புதுசா வந்த இஞ்சினியர் பிள்ளை செருப்பக் கையில தூக்கிட்டு நடந்துச்சு தம்பி. பாவம், கால்ல முள்ளு வேற."

போன வருடம் அந்த இரண்டு பாறைகளுக்கு நடுவே அணை வந்துவிட்டது.

சாப்பிட்ட கையோடு கூட்டிக்கொண்டு போனார். கிணற்றை எட்டிப் பார்த்தேன். இந்த வெயிலிலும் நாலு படிதான் வெளியே தெரிந்தது. சுற்றிலும் கத்தரி, ஊதாப் பூவோடு.

"இன்னும் மூணு ஓடை கெடக்கு. வர்ற கிராம சபையில தீர்மானம் வைக்கப் போறோம். அன்னைக்கு எங்கன எங்கன குறிச்சீக? சொல்லுங்க."

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் வரைந்து கொடுத்தேன். ஆச்சரியம், ஒரு வளைவுகூட மறக்கவில்லை.

அன்று ஜீப் நின்ற இடம்தான் ஓடை. இன்று ஓடை இருக்கும் இடத்துக்கு ஆட்கள் நடக்கிறார்கள். எல்லா ஊரிலும் இப்படி என்று சொல்ல மாட்டேன், நான் அவ்வளவு நல்லவனாகிவிடவில்லை. ஓர் ஊரில் நடக்கிறது. என் கண்ணால் பார்த்தேன்.

இதை எழுதி முடித்ததும் கீழே என் பெயரைப் போட்டேன், படிப்போடு. இன்ஜினியர் பெயரையும் போட்டேன். அவர் இந்தக் குழுவில்தான் இருக்கிறார். தலைவரின் ஆட்களும் இருக்கிறார்கள். பெயரைப் பார்த்தால் "பழைய பகை" என்று கிளம்புவார்கள். கிராம சபையில் எங்கள் சண்டைதான் ஓடும். மூன்று ஓடைகளும் "அடுத்த வருசம்" ஆகிவிடும்.

பெயர் இல்லாவிட்டால், சண்டைக்கு வருகிறவர் முதலில் "அந்த ஆள் நான்தான்" என்று சொல்லியாக வேண்டும். சொல்ல மாட்டார்.

அதனால் இது பெயரில்லாமலே போகட்டும். இன்ஜினியர் பெயரை உடனே அழித்துவிட்டேன்... என் பெயரை அழிக்கத்தான் கொஞ்சம் நேரமாயிற்று.