செசிலி அவர்கள் விட்டுவைத்த முற்றம்

கட்டட வரைவாளர் செசிலி அவர்கள் இன்று காலை ஆறே காலுக்கு இறந்தார். உறுதி செய்தவர் அவருடைய தங்கை ரீத்தா. மருத்துவமனையிலிருந்து போனில் அதைச் சொல்லிவிட்டு, "வளவு கேட்டுல அண்ணாச்சி அதுக்குள்ள ஃப்ளெக்ஸ் கட்டிட்டாராமே, பாத்தீங்களா?" என்று கேட்டார்.

பத்து மணிக்கு மில்லர்புரம் போய்ப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி. செசிலி அவர்களின் முகம் உள்ளங்கை அளவு. கைகூப்பி நிற்கும் நில உரிமையாளர் ஆளுயரம். ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் பதினொரு சிறிய வாடகை வீடுகள், நடுவில் ஒரு முற்றம்: செசிலி அவர்கள் வரைந்து கொடுத்த வளவு. அந்த முற்றத்தில் இன்னும் நான்கு வீடு கட்டவும், கார் போகப் பாதை போடவும் போன மாதம் நகரமைப்பு அலுவலகத்தில் விண்ணப்பித்தவரும் இதே அண்ணாச்சிதான்.

பலசரக்கு மொத்த வியாபாரியான அவர் முதலில் கேட்டது இரண்டு வரிசை லைன் வீடு. செசிலி அவர்கள் எல்லா வாசலையும் முற்றத்தைப் பார்த்துத் திருப்பினார். வண்டிகளைக் கேட்டிலேயே நிறுத்தினார். பின்சுவரில் ஒரு வழி விட்டார். துறைமுக லாரிகள் ஓடும் சாலையைக் கடக்காமல் ரேஷன் கடைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் அந்த வழியாக நடந்தே போகலாம்.

"வாடகைக்கு வாரவன் பைக்க வாசல்ல நிறுத்தாண்டாமாம்மா?"

"பைக்கு வாசல்ல நின்னா பிள்ளைய எங்கன நிறுத்துவான் அண்ணாச்சி?"

அண்ணாச்சி சிரித்துவிட்டுச் சம்மதித்தார். செய்தி சேகரிக்கப் போயிருந்த நான் பக்கத்தில் இருந்தேன்.

காகிதத்தில் வரையுமுன் தரையில் பழைய வலைக்கயிற்றைப் போட்டுப் பாதை காட்டுவது செசிலி அவர்களின் வழக்கம். தெருப் பெண்களை நிறைகுடத்தோடு எதிரெதிராக நடக்கச் சொல்வார். முழங்கைகள் இடித்த இடத்தில் கயிறு நகரும். "என்னக்கா, நீங்க போடுத கோட்டுக்கு எங்க இடுப்ப ஒடிக்கீங்க," என்றார் உப்பளத் தொழிலாளி முத்துலட்சுமி. "இப்ப ஒடியட்டும். குடிவந்த பொறவு ஒடியக் கூடாதுல்லா." முத்துலட்சுமி பிறகு மூன்றாம் வீட்டுக்குக் குடிவந்தார்.

ஒரு தவறும் நடந்தது. வரைபடத்தில் 'பொது முற்றம்' என்றிருந்ததைப் பார்த்து அண்ணாச்சி கூச்சப்பட்டார். "சும்மா கெடக்க இடம்னு போட்டா சொந்தக்காரன் சிரிப்பான்ம்மா. பின்னால கட்டுத இடம்னு போடுங்க. நான் கட்டவா போறேன்?" அவர் மனம் நோகக் கூடாது என்று செசிலி அவர்கள் அப்படியே எழுதிக் கொடுத்தார். புதிய விண்ணப்பம் நிற்பது அந்த மூன்று சொற்களின் மேல்தான்.

அதை ஆட்சேபிக்க செசிலி அவர்கள் மூன்று முறை அந்த அலுவலக மாடி ஏறினார். மூன்று முறையும் ஒரே கேள்வி: "கையெழுத்து உங்களுதுதானம்மா?" நாற்காலி போடவில்லை. அது அவரைக் கொன்றது என்று எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவர் மூச்சு வாங்கி நின்றதற்கு நான் சாட்சி. வாக்கை விழுங்கியவர் இன்று கேட்டில் கைகூப்பி நிற்கிறார். அதே படம் நாளை எங்கள் பத்திரிகையிலும் விளம்பரமாக வருகிறது. வேண்டாம் என்றேன், நிர்வாகம் கேட்கவில்லை.

முந்தாநாள் மருத்துவமனையில் செசிலி அவர்கள் என்னிடம் சொன்னது: "நான் செஞ்ச தப்பையும் எழுதுங்க தம்பி. என்னைய மட்டும் நல்லவளாக்கி எழுதாதீங்க." எழுதிவிட்டேன், அம்மா. போய் வாருங்கள்.

மாலை நான் கிளம்பும்போது பதினொரு வீட்டாரும் நாற்காலிகளை முற்றத்தில் போட்டுத் துக்கத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். அளவு நாடாவோடு வந்த அண்ணாச்சியின் ஆளிடம் முத்துலட்சுமி சொன்னார்: "துட்டி வீட்டுல அளக்கப்பிடாதுய்யா. போயிட்டு வாரும்."

விண்ணப்பத்தை எதிர்த்துக் குடியிருப்போர் கொடுத்த மனுவோடு செசிலி அவர்களின் கடிதம் ஒன்றும் இணைக்கப்பட்டுள்ளது. அந்த மூன்று சொற்கள் தன் தவறு, அது என்றும் முற்றமே என்று படுக்கையிலிருந்தபடி எழுதிக் கையெழுத்திட்டது. இறந்தவரின் கடிதம் செல்லுமா என்று அலுவலகம் இன்னும் சொல்லவில்லை. விசாரணை வரும் வியாழன் காலை. உத்தரவு அன்று மாலைக்குள் வரும் என்கிறார் அங்குள்ள எழுத்தர்.