அண்ணி திருப்பிய ஸ்டியரிங்

என் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்குள் நுழைகிற யாரும் "சின்ன வேலைதான்பா" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கனமான ஸ்டியரிங்கைச் சந்துக்குள் ஒடித்துத் திருப்பி, தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தவர்களுக்கு இதைச் சொல்கிறேன். உங்களுக்குத்தான் புரியும்.

இரண்டு பேர் ஓட்டிய கார்

பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் அண்ணன் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பழைய வேனின் எஞ்சின், ஜீப்பின் சக்கரங்கள், தானே வளைத்த தகடு என்று சேர்த்துத் தன் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு கார் கட்டினார். பட்டறை விபத்தில் அவருடைய வலது தோள் போயிருந்தது. அதனால் தெருமுனை வந்தால் "இழு" என்பார். இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி வரதம்மா அண்ணி, வலது கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுப்பார். ஏழு வருஷம் இப்படித்தான் ஊர் சுற்றினார்கள்.

ஒருநாள் அண்ணன் என் கடைக்கு நடந்து வந்தார். சின்னக் கார்களிலும் கரண்டில் ஓடும் பவர் ஸ்டியரிங் வரத் தொடங்கியிருந்த சமயம் அது. அதில் ஒன்றைத் தன் காரில் வைக்க வேண்டும் என்றார். "இத்தினி வருஷம் இல்லாம இப்ப என்னண்ணா, சொகுசு கேக்குதா?" என்று சிரித்தேன். அண்ணிக்கு மார்பில் கட்டி எடுத்ததும், அதிலிருந்து வலது கை வீங்கியிருப்பதும் அப்போது எனக்குத் தெரியாது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொள்ளச் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பஸ்ஸில் இடிபட்டால் கை வலிக்கும். வாடகைக் காரில் வாந்தி எடுக்க அண்ணிக்குக் கூச்சம். அண்ணன் சொன்னார்: "என் தோள் போனப்ப அவ கை இருந்துச்சு. இப்ப அவ கையும் போச்சுப்பா."

முட்டுக்கட்டை

விபத்தில் நொறுங்கிய காரிலிருந்து கழற்றிய பவர் ஸ்டியரிங் ஒன்றைச் சென்னையில் வாங்கி வந்தோம். ஸ்டியரிங் தண்டோடு ஒரு மோட்டார் ஒட்டிக்கொண்டிருக்கும். நாம் லேசாகத் திருப்பினால், மீதியை அது திருப்பும். ஆனால் அந்த மோட்டாரைக் காரின் உடம்போடு இறுகப் பிடித்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் நின்றபடி நிற்கும், மோட்டார்தான் சுற்றும். தண்டை வெட்டி, இணைத்து, மோட்டாருக்குப் பிடிப்பு வெல்டிங் வைக்க ஒரு வாரம் ஆனது.

கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடும் முனுசாமி தினமும் வேடிக்கை பார்க்க வருவார். அவர் அண்ணனைச் சீண்டினார்: "அம்மாம் பெரிய தேரையே கட்டய போட்டு திருப்பிக்கினு போறோம். உன் தகர டப்பாவுக்குக் கரண்டு கேக்குதாய்யா?"

சேதி வராத பெட்டி

எல்லாம் மாட்டியும் மோட்டார் அசையவில்லை. அதை நடத்துகிற சின்னப் பெட்டிக்கு இரண்டு சேதி வர வேண்டும். எஞ்சின் ஓடுகிறது என்பது ஒன்று, வண்டி என்ன வேகத்தில் போகிறது என்பது மற்றொன்று. அண்ணனின் பழைய எஞ்சினுக்குச் சேதி அனுப்பத் தெரியாது. எஞ்சினில் சுழலும் பாகத்திலும் சக்கரத்துக்குப் போகும் தண்டிலும் காந்தம் ஒட்டி, பக்கத்தில் சென்சார் வைத்து, இரண்டையும் நானே உண்டாக்கிக் கொடுத்தேன்.

தலையில் துண்டு கட்டிய அண்ணி, ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் டீ வாங்கப் போனதும் சொன்னார்: "அந்தப் பொட்டிக்குக்கூட நெலவரத்த சொன்னாத்தான் வேல செய்யுதா? எனக்குந்தான் டாக்டரும் சொல்ல மாட்டேன்றாரு, இவரும் சொல்ல மாட்டேன்றாரு."

பழக்கம்

வெள்ளோட்டம் விட்டோம். நான் பின்சீட்டில். தெருவில் நெசவுக்காரர்கள் நூலை நீளமாக இழுத்துக் கட்டிப் பாவு ஆற்றிக்கொண்டிருந்தார்கள். முனை வந்தது. அண்ணன் பழக்கத்தில் "இழு" என்றார். அண்ணியும் பழக்கத்தில் வீங்கிய கையை நீட்டி இழுத்தார். ஒரு விரலுக்கே திரும்புகிற ஸ்டியரிங் முழுக்கச் சுழன்றது. பாவைத் தாங்கிய மரக்கால் ஒன்று சாய்ந்தது. நூலுக்கு ஒரு சாண் தூரத்தில் வண்டி நின்றது.

ஓடிவந்தவர்கள் அண்ணியைப் பார்த்ததும் மரக்காலை நிமிர்த்திவிட்டு ஒதுங்கினார்கள். அண்ணி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவ்ளோ லேசா வந்துச்சுப்பா. கை சரியாப் பூடுச்சுன்னு நெனச்சிட்டேன்."

ஃப்யூஸ்

நாலு முறை அண்ணியைச் சென்னைக்கு அண்ணனே ஓட்டிக்கொண்டு போனார். வழியில் எங்கே நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தினாராம். ஐந்தாவது முறை போக வேண்டியிருக்கவில்லை.

அண்ணியின் காரியம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். அண்ணன் காரில் வந்து இறங்கினார். "பவர் ஸ்டியரிங்க எடுத்துருப்பா" என்றார். என் வேலையில்தான் ஏதோ பிசகு என்று பதறிப்போய், ஃப்யூஸைப் பார்த்தேன், வயர்களைப் பார்த்தேன், ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் சரி. "நல்லாத்தானே இருக்குதுண்ணா?" என்றேன்.

அவர் வண்டியைப் பார்க்காமல் சொன்னார்: "நல்லாத்தான் இருக்குது. லேசா இருக்குதேன்னு விடிஞ்சதும் எடுத்துக்கினு கெளம்பிடறேன். முனை வரைக்கும் வந்தப்புறம், எங்க போறதுன்னு தெரியல."

என் தொழிலில் பழுதான சாமானைத்தான் கழற்றிப் போடுவது வழக்கம். சரியாக வேலை செய்த குற்றத்துக்காக நான் கழற்றியது அந்த ஒன்றைத்தான்.