மதியம் வருகிறவன்

தம்பி தூங்கும்போது அவனுக்குள் வேறு யாரோ வந்து படுத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு முதலில் தோன்றியது ஒரு சனிக்கிழமை மதியம். புக்கிட் மேரா வீட்டில், ஃபேனுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தவனின் பாதத்தைத் தற்செயலாகத் தொட்டேன். ஊறிய துணி மாதிரி வளைந்து கொடுத்தது.

விழித்திருந்தால் அது அப்படி இருக்காது. தம்பிக்குப் பிறவியிலேயே பெருமூளை வாதம். கால்கள் இரண்டும் விறைத்து, கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். குதிகால் தரையில் படாது. தெரப்பிஸ்ட் காட்டித் தந்தபடி அம்மா தினமும் அவனைப் பாயில் கிடத்தி, முழங்காலைப் பிடித்துக் குதிகாலை மெல்ல இறக்கப் பார்ப்பார்.

"விடுடா கண்ணா, கால விடு."

"நான் புடிக்கலம்மா. அதுவா புடிக்குது."

ஐந்து வயதுப் பிள்ளை அந்த 'அது'வைச் சொல்லும்போதெல்லாம் நான் அவன் கால்களையே பார்ப்பேன்.

அந்த வாரம்தான் அம்மா போனில் சித்தியிடம், "குதிகால் எறங்கலன்னா ஆப்பரேஷன்தானாம்லா" என்று சொல்லி அழுதிருந்தார். என் ஒன்பது வயது மூளை வேகமாகக் கணக்குப் போட்டது. மதியம் வருகிற இளகியவனை வெளியே விடாமல் பூட்டிவிட்டால் ஆப்பரேஷன் எதற்கு? பூட்டும் கைவசம் இருந்தது: குதிகாலை இறக்கிப் பிடிக்க மாட்டுகிற, முழங்கால்வரை வரும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட். மற்ற நேரத்தில் அதை மாட்ட அப்பாவும் அம்மாவும் சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டும். அன்று வழுக்கிக்கொண்டு ஏறியது.

கடைசிப் பட்டையை ஒட்டியபோது அவன் கண்ணைத் திறந்தான். கால் இன்னும் இளகியே இருந்தது. சிரிக்கவில்லை. அக்கா என்று கூப்பிடவில்லை. புது வீட்டுக்கு வந்தவர் சுவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான். நான் பூட்டியது இவனை என்றால், தம்பி எந்த வழியாகத் திரும்பி வருவான்?

பட்டைகளைச் சரசரவென்று பிய்த்தேன். அந்தச் சத்தத்துக்கு அவன் உடம்பு தூக்கிப்போட்டது. கைகள் விரிந்தன, கால்கள் விறைத்துப் பின்னிக்கொண்டன.

"அக்கா, என் கால வச்சு என்ன பண்றே?" என்று சிரித்தான்.

அந்த விறைத்த கால்களைக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஆப்பரேஷன் நடந்தது. குதிகால் இறங்கியது, இப்போது வாக்கரோடு நடக்கிறான். தூக்கத்தில் தசைகளின் முறுக்கு தளரும் என்பது அன்று எனக்குத் தெரியாது. பிசியோதெரப்பி படிக்க வந்த பிறகு தெரிந்தது. அந்தப் பார்வை யாருடையது என்பது மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை.

இன்று தம்பியிடமே அதைக் கேட்டேன். "ரெண்டு பேரும் நான்தான்லா," என்றான். பிறகு, "ஆனா அவனுக்கு உன்ன ஞாபகம் இருக்கு" என்றான்.

நாளை மதியம் தூங்குகிற தம்பியின் பக்கத்தில் சத்தமில்லாமல் உட்காரப் போகிறேன். கண் திறந்ததும், கால் இறுகுவதற்கு முன், வந்தவனிடம் அவன் பெயரைக் கேட்க வேண்டும்.